ஒரு குன்றும் பல பொழுதும்

திண்டுக்கல் நகருக்கு மேற்கே ஒரு சிறு குளத்தின் கரையில் நின்று, மலைக்கோட்டைப் பாறையைக் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக யாம் நிழற்படம் எடுத்து வருகின்றோம். திங்களுக்கு ஒரு நாள், இயன்றவரை ஒரே இடம், ஒரே வில்லை, கதிர் சாய்வதற்கு ஒரு நாழிகைக்கு முன்னர். மழையாற் சில திங்களும், தேர்வுத்தாள் திருத்தும் பணியாற் சில திங்களும் தவறியதுண்டு. எஞ்சிய படங்கள் 120க்குக் குறையா. இவற்றை ஒருநாள் மேசைமேற் பரப்பி வைத்திருந்தபோது, எம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் வந்து நோக்கி, ‘ஐயா, எடுத்ததையே எடுத்திருக்கின்றீர்களே, மலை எங்கேனும் ஓடிப்போய்விடுமா?’ என்றார். நகையாடிக் கேட்டதேயாயினும் அவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இல்லை. ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லி அமைந்தோம். அச்சொல்லில் ‘பொழுது’ என்பதும் அடங்கியிருந்ததைப் பின்னரே கருதினோம்.

நண்பர் வினவியது நிழற்படக் கலையைப் பற்றியதன்று, இலக்கியத்தைப் பற்றியதே. கூறியது கூறல் குற்றம் என்பது தமிழ் கற்றார் அனைவரும் இளமையிலேயே அறிந்த விதி. தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் அதனைக் குற்றங்களின் வரிசையில் வைத்தன. எனினும் அவ்விதி நூலுக்கு உரியது, அஃதாவது இலக்கணம் முதலான அறிவு நூலுக்கு உரியது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். செய்யுளைப் பற்றிப் பேசவந்த தண்டியாசிரியரோ பின்வருநிலை என ஓர் அணியே வகுத்தார். முன் வந்த சொல்லோ பொருளோ மீண்டும் வருவது அங்கு அழகாயிற்று. ஆகவே ஒன்றையே மீண்டும் சொல்லுதல் அறிவு நூலிற் பிழையாகவும் பாட்டில் அணியாகவும் நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நிழற்படத்தை எங்கு நிறுத்துவது? அது சான்றா, பாட்டா? ஒரே நிலக்காட்சியை மீளமீளப் படமெடுப்போன் எச்செயலைச் செய்கின்றான்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயுங்கால் யாம் கபிலரிடம் சென்று சேர்ந்தோம் என்பதை முன்னரே சொல்லிவிடுதல் நன்று. அங்குச் செல்வோம் என்று தொடக்கத்தில் எண்ணினோமல்லேம்.

அணியிலக்கணம் நம்மை நெடுந்தொலைவு கொண்டு செல்லாது. அது சொல்லின் மீட்சியைப் பேசுகின்றது. எமக்கு வேண்டுவது காட்சியின் மீட்சி. அதற்குத் தொல்காப்பியர் அகத்திணையியலில் முதற்பொருளை வகுத்த முறையே வழிகாட்டுவது. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டன் இயல்பையும் சேர்த்து ‘முதல்’ என ஒரு பெயரால் அவர் வழங்கினார். நிலம் ஒன்று, பொழுது ஒன்று என இரண்டு முதல்கள் அவர்க்கு இல்லை. நாமோ வகுப்பறையிற் கரும்பலகையில் கட்டம் வரைந்து, குறிஞ்சிக்கு மலை, கூதிர், யாமம் எனவும், முல்லைக்குக் காடு, கார், மாலை எனவும் நிரல்பட எழுதி, நிலத்தை ஒரு பத்தியிலும் பொழுதை வேறொரு பத்தியிலும் அடைத்துவிடுகின்றோம். மாணாக்கரும் அவ்வாறே மனப்பாடம் செய்து அவ்வாறே எழுதுகின்றனர். யாமும் பதினைந்து ஆண்டுகள் அக்கட்டத்தையே வரைந்தோம். நிலமும் பொழுதும் ஒருங்கே நின்றாலன்றி ஒரு காட்சி அமையாது என்பதைக் கரும்பலகை எமக்குச் சொல்லவில்லை, குளக்கரை சொல்லிற்று.

பாறையின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். திண்டு போன்ற கல் என்பதே ஊர்ப்பெயர்க்குப் பலரும் கூறும் பொருள். சமவெளியில் வேறெதனோடும் தொடராது தனித்தெழுந்த மொட்டைப் பாறை அது. மேற்கிலும் தென்மேற்கிலும் பழனி மலைத்தொடர் நீலக் கோடாய்க் கிடக்கும். தெற்கிலும் தென்கிழக்கிலும் சிறுமலை. இவ்விரு மலைக்கும் இடைப்பட்ட வெளியில் பாறைமட்டும் எவரோ வைத்துவிட்டு மறந்ததுபோல் நிற்கும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் அதன்மேற் கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1755இல் ஐதர் அலி மைசூர் அரசின் சார்பில் இவ்வூர்க்கு அதிகாரியாய் வந்தார். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி இப்பகுதி ஆங்கிலேயர் கைப்பட்டது. உச்சியில் உள்ள கோயிலின் கருவறையில் இன்று தெய்வத்திருமேனி இல்லை. இவ்வரலாறெல்லாம் படத்தில் தோன்றுவதில்லை. குளக்கரையிலிருந்து நோக்குவார்க்கு மதில் ஒரு மெல்லிய கீற்று, அவ்வளவே.

படத்தில் தோன்றுவன வேறு. சித்திரையில் பாறை வெளிறிச் சாம்பல் நிறம் கொள்ளும். வானமும் அதே நிறமாதலின் பாறையின் விளிம்பு எங்கு முடிகின்றது என்று காண்பதே அரிது. குளத்தில் நீர் இல்லை. வெடித்த வண்டலும், சீமைக்கருவேலும், ஆட்டுமந்தை சென்ற தடமும் உள. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த மாலையில், அதே பாறை கருங்குவளை நிறத்தது; நீர் வழிந்த தாரைகள் அதன் மேனியில் வெள்ளிக் கம்பிபோல் ஒளிரும்; குளத்தில் தலைகீழாய் ஒரு பாறை கிடக்கும். தையில் மேற்கிலிருந்து படும் வெயிலால் ஒவ்வொரு பிளவும் தனித்தனியே தெரியும். ஆடியில் புழுதிக் காற்று. இவையெல்லாம் திண்டுக்கல்லார் எவரும் அறிந்தவையே. புதுமை யாதெனில், எந்த ஒரு படத்தையும் சுட்டி ‘இதுதான் அப்பாறை’ என்று சொல்ல எம்மால் இயலாமற்போயிற்று என்பதே. பொழுது நீங்கிய பாறையை யாம் ஒருநாளும் கண்டதில்லை. தொல்காப்பியர் இரண்டையும் ஒரு பெயரால் வழங்கியது சுருக்கம் கருதியன்று என்பது அப்போதுதான் எமக்குத் தெளிந்தது.

இதனாற் பாலையின் சிக்கலும் ஒருவாறு விளங்கும். தொல்காப்பியர் நானிலமே கொண்டு நடுவண் திணைக்கு நிலம் வகுத்திலர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்கிற்று. இஃது உண்மையில் ஒரு மீள்நோக்கு. அதே இடத்திற்கு வேறொரு பொழுதிற் சென்றவன்றி வேறு எவனும் இதனைச் சொல்லியிருத்தல் இயலாது. ஒருமுறை மட்டும் கண்டவனுக்குப் பாலை ஒரு தனி நிலமாகவே தோன்றும். இருமுறை கண்டவனுக்கே அது திரிபு எனத் தோன்றும். எம் குளத்தின் பங்குனிப் படமும் மார்கழிப் படமும் அருகருகே வைக்கப்பெற்றால், அறியாதார் அவற்றை இருவேறு ஊர் என்றே கொள்வர். பாறையின் வடிவு ஒன்றே அவரைத் திருத்தும்.

பிறநாட்டார் செய்தவற்றையும் நோக்குவோம். சப்பானிய ஓவியர் ஒக்குசாய் 1830களில் பூசி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் மரச்செதுக்கு அச்சோவிய வரிசையைத் தொடங்கினார். பின்னர்ப் பத்துச் சேர்ந்து அது நாற்பத்தாறாயிற்று. அங்கு மலை நிலைத்து நிற்க, நோக்குவோன் ஊர் ஊராய் இடம் மாறுகின்றான். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891ஆம் ஆண்டுகளில் தம் இல்லத்திற்கு அருகிலிருந்த கதிர்ப்போர்களையே மீண்டும் மீண்டும் தீட்டினார். 1891இல் பாரிசில் அவற்றுட் பதினைந்து ஓவியங்கள் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பெற்றன. அங்கு நோக்குவோன் ஏறத்தாழ நிலைத்து நிற்க, ஒளியும் பருவமும் மாறுகின்றன. முன்னையது இடத்தின் மீட்சி. பின்னையது பொழுதின் மீட்சி.

நம் ஐங்குறுநூறு இவ்விரண்டிற்கும் வேறான ஒரு மீட்சியைக் காட்டுகின்றது. அதன் குறிஞ்சி நூறு கபிலர் பாடியது; பத்துப் பத்தாகப் பகுக்கப்பெற்றது. குன்றக்குறவன் பத்தில் ஒரே தொடர் மீளமீள வந்து நிற்கும். ஒரு பாட்டில் அக்குறவனின் ஆரவாரம். ஒன்றில் அவனது புல்லாலாய குடிலை மறைக்கும் மேகம். ஒன்றில் அவன் எழுப்பிய சந்தனப் புகையின் மணம். மலை ஒன்றே, குறவனும் ஒருவனே. ஆயினும் ஒருகால் தோழி பேசுவாள், ஒருகால் தலைவி பேசுவாள், ஒருகால் தலைவன் பேசுவான். காட்சி நிலைத்து நிற்கக் கூற்று மாறுகின்றது. இவ்வகை மீட்சியை ஓவியத்தில் யாம் கண்டிலேம். நிழற்படத்திலும் இஃது அரிது. ஏனெனில் கருவிக்குப் பின்னால் நிற்பவன் பெரும்பாலும் ஒருவனே. (எம் மகள் ஒருமுறை எமக்கு மாற்றாகச் சென்று எடுத்துவந்த படத்தில் பாறை ஒரு மூலைக்கு ஒதுங்கி, வரப்பில் நின்ற கொக்கு நடுவிடம் பெற்றது. அதனை வரிசையிற் சேர்ப்பதா விடுப்பதா என்று நெடுநேரம் எண்ணிச் சேர்த்தோம்.)

தமிழகத்து மலைகளை நிழற்படத்தில் முதன்முதற் பொருட்படுத்தியவருள் ஒருவர் இலின்னேயசு திரிப்பு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். சென்னை அரசின் நிழற்படக்காரராய் அமர்ந்து, 1858இல் மதுரைக்கு வந்தார். மெழுகூட்டிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறை அவருடையது. மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் கட்டடங்களையும் எடுத்த அவர், ஊருக்கு வெளியே கிடக்கும் யானைமலையையும் எடுத்தார். அதுவும் ஒருமுறை எடுத்து அமையாது, அதன் முனைப்பக்கத்திலிருந்து வேறொரு படமும் எடுத்தார். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளக் கல்வெட்டை இருபத்தொரு படங்களாய் எடுத்து ஒட்டி ஒரே நீண்ட சுருளாக்கியவரும் அவரே. அவர்தம் எதிர்ப்படத் தாளில் வானம் வெறுமையாய்ப் படிந்தபோது, வண்ணக்கலவை தொட்டு முகில்களைத் தாமே தீட்டிச் சேர்த்தார் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. நிலத்தை ஒளி எழுதிற்று. பொழுதைக் கை எழுதிற்று. முதற்பொருளின் ஒரு பாதி கருவிக்கு அகப்படாதபோது மற்றொரு பாதி தனித்து நிற்கமாட்டாமையை அவர் உணர்ந்தார் போலும். யானைமலைக்கு அவர் மீண்டும் வந்து எடுத்திருப்பின் நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம் பெரிது. 1860க்குள் அரசு அப்பணியை நிறுத்திவிட்டது.

முன்னோர் எடுத்த இடத்திற்குப் பின்னோர் சென்று எடுப்பதும் மீட்சியே. அமெரிக்காவில் மார்க்கு கிளெட்டு என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் 1977 முதல் 1979 வரை, முந்தைய நூற்றாண்டின் நில அளவைக் குழுவினர் எடுத்த மேற்கு மாநிலக் காட்சிகளை அவ்வவ்விடத்தே நின்று மறுபடியும் எடுத்தனர். 1984இல் அது நூலாயிற்று. முன்னோன் நின்ற அதே கல்லின்மேல், அதே திங்களில், அதே நிழல் விழும் வேளைக்குக் காத்துநின்று எடுத்தல் அவர்தம் முறை. நிலம் எவ்வளவு மாறிற்று என்று அறிவதே அவர் நோக்கம். ஆனால் அவர் கண்டறிந்தவற்றுள் எம்மைக் கவர்ந்தது மற்றொன்று. தீமத்தி ஓ சல்லிவன் என்னும் முன்னோன் ஒரு பாறைக் காட்சியை எடுத்தபோது கருவியைச் சாய்த்து வைத்திருந்தமை, அவ்விடத்தே மீண்டும் நின்று பார்த்தபின்னரே தெரியவந்தது. நூறாண்டுகளாக அப்படத்தை மட்டும் நோக்கியோர் பாறையே அவ்வாறு சாய்ந்தது என்று நம்பினர். மீளச் சென்றமையால் நிலத்தைப் பற்றிய செய்தியோடு கண்டவனைப் பற்றிய செய்தியும் கிடைத்தது. உரையாசிரியர் ஒருவர்க்குப்பின் மற்றொருவர் ஒரே பாட்டிற்கு உரை காணும்போது நிகழ்வதும் இதுவே அன்றோ?

மீட்சியின் மற்றோர் எல்லை திண்டுக்கல் மாவட்டத்திலேயே உள்ளது. வெயில் தெளிந்த நாளிற் குளக்கரையிலிருந்து தென்மேற்கே நோக்கினால் தோன்றும் அம்மலைத்தொடரின் மேல், 1899இல் தொடங்கிய கோடைக்கானல் வானாய்வு நிலையம் இருக்கின்றது. 1904 முதல், வானம் இடந்தரும் நாளிலெல்லாம், அங்குச் சூரியனை நிழற்படம் எடுத்து வந்துள்ளனர். ஒரே பொருள், ஒரே இடம், ஒரே முறை, நூறாண்டுக்கு மேல். கண்ணாடித் தகட்டிலும் படச்சுருளிலும் பதிந்த அவை அண்மைக் காலத்தில் எண்ம வடிவும் பெற்றுள்ளன. சூரியப் புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாயும் இயல்பை 1909இல் எவர்செடு கண்டறிந்ததும் அங்கேயே. இத்தகடுகளுள் ஒன்றைத் தனித்து எடுத்து நோக்கினால், சில கரும்புள்ளிகள் கொண்ட ஒரு வெண்வட்டம்; வேறொன்றுமில்லை. வரிசையில் வைத்தால் புள்ளிகள் பெருகியும் அருகியும் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை சுழலும் ஓர் ஒழுங்கு புலப்படும். 1910ஆம் ஆண்டின் ஏதோ ஒரு காலையில் தகட்டை ஏற்றிய பணியாளர்க்கு, அத்தகடு எதற்குப் பயன்படும் என்பது தெரிந்திருத்தல் இயலாது. தெரியாமலே நாள்தோறும் எடுத்தார். அத்தகைய பொறுமையைப் பாட்டு மரபினர் தமக்கே உரியதென்று கருதுதல் தகாது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே எம் ஆராய்ச்சியின் திருப்பம். வானாய்வு நிலையத்தின் மீட்சியில் நோக்குவோன் மாறலாகாது. ஆள் மாறினும் அவன் மாற்றம் தகட்டில் ஏறாதவாறு காத்தலே அங்கு ஒழுக்கம். சூரியன் மட்டுமே மாறவேண்டும். எம் குளக்கரைப் படங்களை அவ்வாறே காக்க யாம் முயன்று தோற்றோம். தொடக்க ஆண்டுகளிற் பாறையை நடுவில் வைத்து வானத்தைப் பெரிதாக எடுத்திருக்கின்றோம். எம் தந்தையார் மறைந்த ஆண்டின் படங்களில், யாம் அறியாமலே, குளத்தின் வெறுந்தரை பாதிக்குமேல் இடம்பெற்றிருக்கின்றது. எவரும் அவ்வாறு எடுக்கச் சொல்லவில்லை. படங்களை நிரலாக அடுக்கியபோதே அது கண்ணிற்பட்டது.

இனிக் கபிலர். புறநானூற்றின் 105ஆம் பாட்டு முதல் 120ஆம் பாட்டு வரை உள்ளவை பாரியையும் பறம்பையும் பற்றியவை. அவற்றுள் 112 பாரி மகளிர் பாடியது, ஏனைய கபிலருடையவை. இவற்றை யாம் ஆண்டுதோறும் கற்பித்து வந்தோம். எவ்வாறு? பாடாண் திணைக்கு எடுத்துக்காட்டாகச் சிலவற்றை ஒருநாள். நொச்சிக்குச் சிலவற்றை மற்றொருநாள். பொதுவியலிற் கையறுநிலைக்கு எஞ்சியவற்றை ஒரு கிழமை கழித்து. இதனால் ஒரே குன்று மூன்று பாடங்களாய்ச் சிதறிற்று. மாணாக்கர் திணையும் துறையும் அறிந்தனர். குன்று ஒன்றே என்பதை அறிந்திலர். அவர்மேற் குறையில்லை. எமக்கே அது தோன்றவில்லை.

படங்களை மேசைமேற் பரப்பியதுபோல் இப்பாட்டுகளையும் ஒருங்கே பரப்பி நோக்குக. முதலில், பரிசில் நாடும் விறலிக்குக் காட்டப்பெறும் பறம்பு: மழை பெய்தாலும் பெய்யாதொழிந்தாலும் நீரறாத மலை. அடுத்து, மூவேந்தர் முற்றுகையிட்ட காலத்துப் பறம்பு: 109ஆம் பாட்டில் உழவர் உழாமலே மலை தரும் விளைவுகள் நான்கு எண்ணப்படுகின்றன, மூங்கில் நெல்லும், பலாவும், வள்ளிக் கிழங்கும், தேனும். அங்குக் கபிலர் வருணனை செய்கின்றாரல்லர். அரணுக்குள் உணவு எத்துணைக் காலம் தாங்கும் என்று பகைவர்க்குக் கணக்குக் காட்டுகின்றார். முன்னர் அழகாய் நின்ற பலாமரம் இப்போது படைக்கலமாயிற்று. பாரி மாய்ந்தபின் பறம்பை நீங்குங்கால், 113இல் மலையையே விளித்து விடைபெறுகின்றார். 114ஆம் பாட்டே எம்மை நிறுத்திற்று. பாரி மகளிரை அழைத்துக்கொண்டு சிறிது தொலைவு சென்றபின் திரும்பி நோக்கி, அம்மலை இங்கு நிற்பார்க்கும் தோன்றும், இன்னும் சிறிது சென்று நிற்பார்க்கும் தோன்றும் என்னும் கருத்தமையப் பாடுகின்றார். நோக்குமிடத்தை இத்துணை நுட்பமாய் அளந்து கூறும் பாட்டு வேறு எத்துணை உள? முன்னைய பாட்டுகளில் எல்லாம் அவர் மலைமேலோ மலையடியிலோ நின்றார். இப்பாட்டில்தான் முதன்முதல் மலை தொலைவில் நிற்கும் ஒரு வடிவமாகின்றது. ஒவ்வோர் அடிக்கும் குறுகுவது, எனினும் மறையாதது.

116இல் நோக்குவோரும் மாறுகின்றனர். தந்தையோடு வாழ்ந்த நாளில் உயர்ந்த மலையினின்று வேந்தர்தம் குதிரைகளை எண்ணிய குடியிற் பிறந்த மகளிர், இப்போது யாரோ ஒருவர் வீட்டுப் புறத்தே குப்பைமேட்டின்மேல் ஏறிநின்று உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுகின்றனர். எண்ணும் வழக்கம் மாறவில்லை. நிற்கும் உயரமும் எண்ணப்படுபொருளும் மாறின. ஒருவன் தன் பழைய நிலைக்களத்தை இழந்தபின்னும் அதே செயலை வேறோர் இடத்திற் செய்துபார்ப்பதன் துயரம் இதனினும் கூரியதாய்ச் சொல்லப்பெற்றதில்லை. 118இல் எஞ்சியது ஒரு சிறு குளமே. வளைந்த கரையுடைய அக்குளம் காப்பாரின்றி உடைந்தழியும் என்று இரங்குகின்றார். அரசன் இறந்தமைக்கு வானம் இருண்டது, ஞாயிறு மறைந்தது என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. குளக்கரை உடையும் என்றார். ஏரி குளங்களை நம்பி வாழும் இவ்வறண்ட வெளியில் பிறந்தார்க்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

பாரி மகளிரின் 112ஆம் பாட்டோ மீட்சியின் முழு வடிவையும் மிகச் சில அடிகளில் அடக்கியது. சென்ற திங்களின் நிலவு ஒன்று. இத்திங்களின் நிலவு ஒன்று. இரண்டிற்கும் இடையே தந்தையும் குன்றும் இல்லையாயினர். நிலவு ஒரு சிறிதும் மாறாமையே அப்பாட்டின் கொடுமை. கோடைக்கானலார் தகட்டில் நோக்குவோன் மாறாது நிற்கப் பொருள் மாறும். இங்குப் பொருள் மாறாது நிற்க நோக்குவோர் மாறினர். கபிலர் பாட்டுகளிலோ இரண்டும் மாறின. ஆகவே பறம்புப் பாட்டுகளைக் கொடைவள்ளல் ஒருவனின் புகழ்ப்பாட்டுகள் என்று மட்டும் கொள்ளுதல் குறைவுடைத்து. ஒரு புலவன் ஒரே நிலக்காட்சிக்கு, வேறு வேறு பொழுதிலும் வேறு வேறு நிலையிலும், மீண்டு மீண்டு சென்ற வரலாறாகவும் அவற்றைக் கொள்ளல் வேண்டும் என்பது எம் கருத்து.

இக்கருத்திற்கு எழக்கூடிய தடைகளை யாம் அறியாமலில்லை. இப்பாட்டுகளின் வரிசை தொகுத்தோர் செய்ததே ஒழியக் கபிலர் செய்ததன்று. திணை, துறைக் குறிப்புகளும், இன்ன சூழலிற் பாடியது என்னும் கொளுவும் பாட்டின் உடலைச் சேர்ந்தவையல்ல. இதனை ஒப்புகின்றோம். எம் படங்களை எடுத்த நாள்முறையன்றி வேறு முறையில் எவரேனும் அடுக்கியிருந்தால் எம் கதையும் மாறியிருக்கும். ஆயினும் கொளுவை முற்றும் நீக்கிவிட்டுப் பாட்டின் சொற்களை மட்டும் கொண்டாலும், மலைமேல் நின்று பேசும் பாட்டும், விலகிச் சென்று பேசும் பாட்டும், இழந்தபின் பேசும் பாட்டும் தம்முள் வேறுபட்டு நிற்றலை மறைத்தல் இயலாது. மற்றொரு தடை வலிமையுடையது. சங்கப் புலவர் நிலத்தைக் கண்டு பாடினாரல்லர், மரபில் வந்த கருப்பொருள்களை எடுத்துக் கோத்தனர் என்று கூறுவாருளர். அகப்பாட்டைப் பொறுத்தவரை அதில் உண்மையுண்டு. ஐங்குறுநூற்றுக் குன்றக்குறவனுக்கு ஊரும் பேரும் இல்லை. ஆனால் பறம்பு பெயருடைய மலை. அம்மலையின் சிறுகுளம் பெயரில்லாததாயினும் ஓர் இடத்திற் கிடந்த குளம். மரபறிந்த புலவன் அம்மரபையே கருவியாகக் கொண்டு ஓர் உண்மை மலையை நோக்கினான் என்று கொள்வதில் முரணில்லை. எமக்கும் வில்லை ஒன்றே. அது யாம் செய்ததன்று.

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே பறம்பு என்பது பலரும் ஏற்ற கருத்து. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் வழியாகக் கிழக்கே சென்று சிங்கம்புணரியை அடைந்தால் அம்மலை அணித்து. யாம் இருமுறை சென்று, 114ஆம் பாட்டை மனத்திற்கொண்டு, மலையடியிலிருந்து விலகி நடந்து இடையிடையே நின்று படமெடுத்தோம். இருமுறை சென்றவன் மீண்டு சென்றவன் ஆகமாட்டான். ஆதலின் அப்படங்களைப் பற்றி ஒன்றும் கூறோம்.

இந்நாளில் இவ்வாராய்ச்சிக்கு ஓர் அவசரமும் உண்டு. குன்று நிலையானது, பொழுதே மாறுவது என்ற நம்பிக்கையின்மேல் முதற்பொருட் கொள்கை நின்றது. நண்பரும் ‘மலை ஓடிப்போய்விடுமா’ என்றுதான் கேட்டார். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியிற் கருங்கல் வெட்டியெடுத்தோர் செய்த முறைகேடுகள் 2012இல் வெளிப்பட்டபோது, குன்றுகள் இருந்த இடத்தில் நீர் தேங்கிய பெருங்குழிகளை நாடே கண்டது. 2014இல் உயர்நீதிமன்றம் சட்ட ஆணையர் ஒருவரை அமர்த்தி ஆராயச் செய்தது. அதே பகுதியிலுள்ள அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அதன் குன்றுகளையும் உள்ளடக்கிய தங்குதன் கனிமச் சுரங்க ஏலம் 2024இல் எழுந்து, மக்கள் எதிர்ப்பால் 2025 சனவரியில் நீக்கப்பெற்றது. திண்டுக்கற் பாறை தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. அதற்கு இத்தகைய அச்சமில்லை. காப்பில்லாத குன்றுகள் எத்துணையோ உள. மதுரைக் காண்டத்துக் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றின்மேல் சிறுமலை, வாழையும் மாவும் பலாவும் சூழ்ந்ததாகக் காட்டப்பெறுகின்றது. அம்மலையின் வாழை நோய்ப்பட்டு அருகிய கதையை இவ்வூர்ச் சந்தையில் முதியோர் இன்றும் சொல்லுவர். இளங்கோவடிகள் காட்டிய காட்சிக்கும் இன்றைய காட்சிக்கும் இடையே எத்துணைப் படங்கள் எடுக்கப்படாமற் போயின என்று எண்ணுங்கால் மனம் சோரும்.

எம் நிலைக்களமும் நிலைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் குளத்தின் கீழ்கரையில் ஒரு மாடிக் கட்டடம் எழுந்தது. பாறையின் வடபாதி மறைந்தது. யாம் பதினொரு அடி தெற்கே விலகினோம். கிளெட்டின் முறைப்படி நோக்கினால் எம் வரிசை அங்கே முடிந்தது; புதிதாய் ஒன்று தொடங்கிற்று. கபிலரின் முறைப்படி நோக்கினால், இங்கு நிற்பார்க்கும் தோன்றும், சிறிது விலகி நிற்பார்க்கும் தோன்றும். எம்முறை யாது என்று இன்னும் துணிந்தோமல்லேம். படங்களின் பின்புறம் ‘தெற்கே 11 அடி’ என்று குறித்து வைத்துள்ளோம்.

சென்ற கிழமை நண்பர் மீண்டும் வந்தார். படங்கள் முன்போல் மேசைமேற் கிடந்தன. இம்முறை அவர் நகையாடவில்லை. சிறிது நேரம் குனிந்து நோக்கிவிட்டு, ‘ஐயா, இந்த ஓரத்தில் ஒரு பனை நின்றதே, அது எந்தத் திங்களிற் போயிற்று?’ என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் யாம் அப்பனையை ஒருமுறையும் கருதியதில்லை. இருவரும் அமர்ந்து தேடினோம். ஏழாம் ஆண்டின் ஆவணிப் படத்தில் அது நிற்கின்றது. ஐப்பசிப் படத்தில் இல்லை. புரட்டாசியில் யாம் செல்லவில்லை.